முழுக்கோடும் புள்ளிக்கோடும்

1993-இல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில், ஆர்டர்களைப் பின்தொடரும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனியின் நடைமுறை முழுவதும் அப்போது மூன்று இடங்களில் இருந்தது: மேனேஜர் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய நூல் மில் காலண்டரில், கார்பன் வைத்து எழுதும் சலான் புத்தகத்தில், அண்ணனின் தலைக்குள். கப்பல் தேதி காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டமிடப்பட்டிருக்கும். அதிலிருந்து பின்னோக்கி வந்து பேக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல் எழுதியிருப்பார். இடையில் சில நாட்களில் ஒன்றும் எழுதியிருக்காது. அவை எதற்கு என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டேன். “இருக்கட்டும் தம்பி” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இன்று அதே ஊரில், கம்பெனிகளின் நடைமுறையைப் படமாக வரைந்து கொடுப்பது என் தொழில். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எதை யார் யாரிடம் ஒப்படைக்கிறார், சரியில்லை என்றால் எங்கே திரும்புகிறது, வெளியாரிடமிருந்து என்ன தகவல் எப்போது வரவேண்டும் என்பதையெல்லாம் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரே தாளில் காட்டும் படம். அந்தப் படத்தை வைத்துத்தான் மென்பொருள் அமைக்கிறார்கள், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வெளிநாட்டு பையரிடம் காட்டுகிறார்கள். காலண்டர் இருந்த சுவரில் இப்போது ஒரு திரை இருக்கிறது.

ஒரு பனியன் போகும் வழி பெரிதாக மாறிவிடவில்லை. மில்லிலிருந்து நூல் வருகிறது. நிட்டிங்கில் துணியாகிறது. சாயப்பட்டறையில் நிறமேறுகிறது. காம்பாக்டிங்கில் அளவு படிகிறது. கட்டிங், பிரிண்டிங் முடிந்து தையலுக்குப் போகிறது. செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து தூத்துக்குடிக்கு லாரி ஏறுகிறது. இத்தனையையும் ஒரே கூரைக்குள் செய்த கம்பெனிகள் அன்று மிகச் சில. இன்று அவை கூடியிருந்தாலும், பல ஆர்டர்கள் இன்னும் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க்காக ஏழெட்டுக் கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகின்றன. இத்தனை பேர் இருக்கும் வழியில் அடுத்தவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பதுதான் இந்த ஊரின் பழைய கேள்வி. அதற்கான விடை என் கண்ணெதிரே மாறியது.

ஊர் வளர்ந்த வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்ததையும், 1981-இல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ நிறுவனம் நேரடியாக வந்ததையும் ஏற்றுமதியின் தொடக்கமாக இங்கே சொல்வார்கள். 1984-இல் ஊரின் ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழ 10 கோடி ரூபாய். 1990-இல், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கிய ஆண்டில், அது ஏறத்தாழ 300 கோடி. 2021-22-இல் 33,000 கோடிக்கும் மேல். 10 கோடியை ஒரு தலை நினைவில் வைத்துக்கொள்ளும். 300 கோடிக்குச் சலான் புத்தகமும் காலண்டரும் ஈடுகொடுத்தன. 33,000 கோடிக்குப் படம் தேவைப்பட்டது.

அன்று ஓர் ஆர்டர் ஃபேக்ஸில் மூன்று நான்கு தாள்களாக வரும்: ஒரு கோட்டுப்படம், அளவுப் பட்டியல், எண்ணிக்கை. நிறத்துக்கான துண்டுத் துணி பின்னால் கூரியரில் வரும். இன்று டெக்பேக் எனப்படும் கோப்பு பல பத்துப் பக்கங்களில் வருகிறது. லேபிள் எத்தனை மில்லிமீட்டர் தள்ளித் தைக்கப்பட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கும். அன்று சாயமாஸ்டர் துணியைப் பட்டறை வாசலுக்கு எடுத்துப்போய், காலை வெளிச்சத்தில் மூலத் துண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, தலையசைத்தால் அது ஒப்புதல். இன்று நிறத்துக்கு பான்டோன் எண் உண்டு. பையரின் கடையில் எரியும் விளக்குக்கு நிகரான ஒளியை ஒரு பெட்டிக்குள் ஏற்றி அதில் துணியை வைத்துப் பார்க்கிறார்கள். வேறுபாட்டை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் எண்ணாகச் சொல்கிறது. மாஸ்டரின் கண் பல தடவை சரியாகவே இருந்தது. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்தால் பட்டறையின் கண்ணும் படுத்துவிடும். எண்ணுக்குக் காய்ச்சல் வருவதில்லை.

நிட்டிங் நடத்தியவரும் எங்கள் முதலாளியும் மாமன் மச்சான். பவர்டேபிள் வைத்துத் தைத்துக்கொடுத்தவர் எங்கள் கம்பெனியிலேயே டெய்லராக இருந்து தனியாகப் போனவர். இந்த ஊரின் தொழில் உறவுகளை ஆராய்ந்த ஷரத் சாரி 2004-இல் வெளிவந்த தம் நூலில் இதற்குச் சகோதர மூலதனம் என்ற பொருளில் பெயரிட்டார். தொழிலாளியாகத் தொடங்கியவர்கள் முதலாளிகளானதற்கு அவர்களே சொன்ன காரணம் உழைப்பு என்பதையும் பதிவுசெய்தார். அந்த உறவில் தகவல் தனியாகப் பயணம் செய்யவில்லை, ஆளோடு சேர்ந்தே போயிற்று. மாலையில் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு நிட்டிங்குக்குப் போவேன்.

“ஏனுங்க மாமா, நம்ம துணி நாளைக்கு இறங்கிருமுங்களா?”

“ரெண்டு மிசின்ல ஓடிட்டு இருக்குது பாரு. ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும், வெடியக்காலம் டெம்போவ அனுப்பச் சொல்லு.”

அவர் சொன்னதை நம்பினேன் என்பதைவிட, ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களையும் நானே பார்த்துவிட்டு வந்தேன் என்பதே உண்மை.

நடைமுறையைக் குறிகளால் வரையும் பழக்கம் நெடுநாளையது. பிராங்க் கில்பிரெத்தும் லிலியன் கில்பிரெத்தும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் 1921-இலேயே வேலை ஓட்டப்படத்தை வைத்தார்கள். அது ஒரு பொருளின், ஒரு தொழிலாளியின் அசைவைக் காட்டியது. நீச்சல்குளத்தில் கயிறு கட்டிப் பிரிப்பதுபோல ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாதை ஒதுக்கி வரையும் முறையை 1990-இல் ரம்லரும் பிராஷும் தம் நூலால் பரவலாக்கினார்கள். 2004-இல் பிபிஎம்என் என்னும் பொதுக் குறிமொழியின் முதல் பதிப்பு வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2011 ஜனவரியில் வெளியாகி, 2013-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இன்று நான் வரைவது அந்த மொழியில்தான். வட்டம் தொடக்கம், முனை மழுங்கிய பெட்டி ஒரு வேலை, வைரம் போன்ற சாய்சதுரம் வழி பிரியும் இடம்.

அந்த மொழியில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுவனத்துக்குள் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு முழுக்கோடு போடலாம். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே முழுக்கோடு போடக்கூடாது. அங்கே விட்டு விட்டு ஓடும் புள்ளிக்கோடு மட்டுமே போகலாம், அதன் பொருள் செய்தி. நம் வேலையின் வரிசைக்கு நாம் பொறுப்பு. அடுத்தவரின் வரிசை நம் கையில் இல்லை. அவருக்குச் செய்தி அனுப்பலாம், அவரிடமிருந்து செய்தியை எதிர்பார்க்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலான படங்களில் கூட்டாளி நிறுவனம் உள்ளே எதுவும் வரையப்படாத ஒரு வெற்றுப் பட்டையாகவே இருக்கும். மேலே பெயர் மட்டும் எழுதியிருக்கும்.

இந்த விதியை முதலில் படித்தபோது எனக்கு நிட்டிங் மாமாவின் கொட்டகை நினைவுக்கு வந்தது. அன்று எங்களுக்கும் அவருக்கும் இடையே ஓடியது முழுக்கோடு. எந்த மெஷின் எத்தனை டயா, எந்த ஆபரேட்டர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். எங்கள் ஏற்றுமதிக்கடன் எப்போது வங்கியில் வரவாகும் என்பது அவருக்குத் தெரியும். பிபிஎம்என் இரண்டாம் பதிப்பில் கூட்டாளிகளுக்கு இடையிலான பரிமாற்றங்களை மட்டும் காட்டும் கோரியோகிராஃபி என்றொரு படவகை சேர்க்கப்பட்டது. நடுவில் நின்று கைகாட்டும் ஆள் அதில் இல்லை. எங்கள் கொங்குப் பகுதியின் கும்மியில் பக்கத்து ஆளின் அடியையும் கைத்தட்டையும் பார்த்துத் தன் அடியை வைப்பதுபோல, ஒவ்வொருவரும் எதிராளியின் செய்தியைப் பார்த்துத் தம் வேலையைத் தொடங்குகிறார்கள். திருப்பூர் அதை வரையாமலே ஆடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த முழுக்கோடு எல்லாருக்கும் ஒரே கனத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் திரும்பி வரும்போது ஐந்தாறு கிலோ குறையும், அது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் யார் பொறுப்பு என்பது அன்று உறவைப் பொறுத்தது. நெருங்கியவருக்கு விட்டுக்கொடுத்தார்கள், தூரத்தவருக்குக் கூலியில் பிடித்தார்கள். சனிக்கிழமை தையல்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய பவர்டேபிள்காரர் வெள்ளிக்கிழமை மாலையே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். “பையர்கிட்ட இருந்து இன்னும் வரலீங்க” என்று அவரிடம் சொல்லும் வேலை பல வாரங்கள் எனக்குக் கொடுக்கப்பட்டது. கேட்டால் உறவு கெடும் என்பதால் அவர் குரல் உயர்த்தியதில்லை. சொன்ன சொல்லை அவரால் யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது.

இன்று அந்த இடத்தில் தாள் இருக்கிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தபின், ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கு மூன்று பிரதிச் சலானோடு போய், ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் போன நாளிலேயே விற்றதாகக் கணக்கு. போனதும் வந்ததும் அரசுப் படிவத்தில் பதிவாகின்றன. குறுந்தொழில், சிறுதொழில் செய்பவருக்கு ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும்வரை வருமானவரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்னும் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், அந்தச் சட்டம் எங்கள் ஊர்க் கணக்கர்களின் வாயில் தினமும் புழங்கலாயிற்று. வெள்ளிக்கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தவர் இன்று இருந்திருந்தால் கையில் ஒரு தேதி வைத்திருப்பார். புள்ளிக்கோடு அவருக்குத் தந்த நன்மை அது. மெல்லிய கோடுதான், ஆனாலும் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

சான்றுகளும் மாறின. அன்று படம் வரைந்திருந்தால் அதில் பெரிய பெட்டி கோட்டா. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எத்தனை உருப்படி அனுப்பலாம் என்ற அளவு இருந்தது. அந்த உரிமை கையில் இல்லாதவர் தைத்து வைத்தாலும் அனுப்ப முடியாது. 2004 டிசம்பர் 31-ஓடு அது முடிந்தது. இன்று அந்த இடத்தில் பருத்தி எங்கே விளைந்தது, எந்த மில்லில் நூலானது என்னும் சான்றுகள் நிற்கின்றன. 2013 ஏப்ரல் 24-இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தங்கள் ஆடை அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டதே சில நிறுவனங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வெற்றுப் பட்டைக்குள் வெற்றுப் பட்டையாக வேலை கைமாறிப் போயிருந்தது. அதற்குப் பின் பையர்கள் பட்டையைத் திறந்து உள்ளே வரைந்து காட்டச் சொல்கிறார்கள். அன்று மொபெட்டில் போய்ப் பார்த்ததை இன்று ஆடிட்டர் கேள்விப் பட்டியலோடு வந்து பார்க்கிறார்.

எங்கள் ஊரும் அதற்கு முன்பே அந்தப் பாடத்தைப் படித்திருந்தது. பிபிஎம்என் இரண்டாம் பதிப்பு வெளியான அதே 2011 ஜனவரியில், 28-ஆம் தேதி, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நாங்கள் மனத்தில் வைத்திருந்த எந்த நடைமுறையிலும் நொய்யல் ஆறு இல்லை. நூல் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே போகிறது என்று கிலோ கணக்கில் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, சாயத்தண்ணீரும் உப்பும் எங்கே போகின்றன என்பது கணக்கில் வராத விஷயமாக இருந்தது. அவை போன இடம் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அந்த அணையில் கழிவுநீர் தேங்கியது. கீழே கிணறுகள் உப்பாயின, வயல்கள் கரடாயின. வழக்குத் தொடுத்தவர்கள் அந்த ஆயக்கட்டு விவசாயிகள். எங்கள் ஒவ்வொரு ஆர்டரிலும் அவர்கள் பங்காளிகளாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்திகூட நாங்கள் அனுப்பியதில்லை.

பட்டறைகள் மூடிய மாதங்களில் துணி சாயத்துக்காக ஈரோட்டுக்கும் லூதியானாவுக்கும் போய் வந்தது. பக்கத்துத் தெருவுக்கு ஒரு மாலையில் போய்வந்த வேலைக்கு ரயிலும் லாரியும் நாட்களும் செலவாயின. இன்று இயங்கும் பட்டறைகள் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. தண்ணீர் எதிர்ச் சவ்வூடுபரவலில் சுத்தமாகித் தொட்டிக்கே திரும்புகிறது, உப்பை ஆவியாக்கிகள் பிரித்தெடுக்கின்றன. சாயக் கூலியில் அந்தச் செலவும் சேர்ந்திருக்கிறது. நான் வரையும் படத்தில் சாயப் பெட்டிக்குக் கீழே சுத்திகரிப்புக்கு இப்போது ஒரு பெட்டி கட்டாயம். அந்தப் பெட்டியைச் சேர்க்க ஊர் கொடுத்த விலை பெரிது. ஆறு கொடுத்தது அதைவிடப் பெரிது.

சேர்ந்தவற்றைச் சொன்னேன். குறைந்ததையும் சொல்ல வேண்டும். அன்று ஏதேனும் தவறினால் ஒருவரை ஒருவர் தேடிப்போனோம். நூல் தாமதமானால் மேனேஜர் அண்ணன் நிட்டிங் மாமாவிடம் ஓர் இரவு இரவல் கேட்பார், மாமா வேறொருவரின் துணியை இறக்கி எங்கள் நூலை ஏற்றுவார், அந்த வேறொருவருக்கு நாங்கள் அடுத்த மாதம் ஈடுசெய்வோம். இந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் யாரும் மறக்கவுமில்லை. இன்று தாமதமானால் திரையில் அந்தப் பெட்டி சிவப்பாகிறது; பொறுப்பானவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகிறது; அவர் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். பட்டியலில் இல்லாத காரணத்தைச் சொல்ல இடமில்லை. படத்தை வரையச் சொல்பவர் ஆர்டர் கொடுப்பவராகவோ பெரிய கம்பெனியாகவோ இருக்கிறார். ஏழு மெஷின் வைத்துத் தைப்பவரின் பட்டையில் என்ன வரைய வேண்டும் என்று அவரைக் கேட்பது அரிது.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கட்டிங் மாஸ்டர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனிக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். துணி வரவு ஒரு பெட்டி, கட்டிங் அடுத்த பெட்டி, நடுவில் ஒரு முழுக்கோடு. இரண்டுக்கும் இடையே பழைய நடைமுறையில் ஒரு நாள் வீணாவதாக மென்பொருள் காட்டியது. அந்த நாளை எடுத்துவிட்டோம். துணி காலையில் வந்தது, மதியமே மேசையில் வெட்டப்பட்டது. லைக்ரா கலந்த துணி. கடைசிப் பரிசோதனையில் உடல் நீளம் அளவுக்குக் கீழே இருந்தது. எங்கே பிழை என்று படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெட்டியும் சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்திருந்தது. அறுபதைத் தாண்டிய கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

“துணிய ஒரு ராத்திரி பிரிச்சு விரிச்சுப் போடோணுங்க. ரோல்ல இழுத்துச் சுத்துன இழுப்பு அடங்கோணும். முன்னெல்லாம் நானே போட்டு வெச்சிருவேன். இப்ப வந்தவொடனே வெட்டச் சொல்லித் திரையில வந்துதுங்க.”

ஏன் முன்பே சொல்லவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. படம் வரைந்த நாட்களில் நான் அவரிடம் போகவே இல்லை. அவர் கட்டிங் என்ற பெட்டிக்குள் இருந்தார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்தபின்தான் அந்த நூல் மில் காலண்டர் நினைவுக்கு வந்தது. துணி வந்த தேதிக்கும் கட்டிங் தேதிக்கும் நடுவே அண்ணன் எதுவும் எழுதாமல் விட்ட கட்டம். அது துணி ஓய்வெடுத்த நாள். வேறு வெற்றுக் கட்டங்களில் மாமாவுக்கு ஈடுசெய்யும் நாள் இருந்திருக்கலாம், மழை இருந்திருக்கலாம், யார் வீட்டு விசேஷமோ இருந்திருக்கலாம். இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

இப்போது படம் வரையத் தொடங்கும்முன் ஒவ்வொரு பெட்டிக்கும் உரியவரைத் தேடிப்போய் நிற்கிறேன். நிட்டிங், சாயம், பவர்டேபிள் என்று புள்ளிக்கோட்டுக்கு அப்பால் இருப்பவர்களிடமும் போகிறேன். வேலை நாட்கள் அதனால் கூடுகின்றன. துணி வரவுக்கும் கட்டிங்குக்கும் நடுவே ஒரு பெட்டி போடுகிறேன். அதில் ஆள் இல்லை, மெஷின் இல்லை, செய்தி ஏதும் வருவதுமில்லை போவதுமில்லை. ‘துணி ஓய்வு, 24 மணி நேரம்’ என்று எழுதியிருக்கும்.